உடம்பு ஒண்ணும் பழகலை சார், வளையம்தான் கைமாறிடுச்சு

இந்தப் பக்கத்துக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். ஆனா போன வாரம் நம்ம பதிவர் நண்பர் ஒருத்தர் "ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யலை?"ன்னு ஒரு இடுகை போட்டிருந்தார். நல்ல மனுஷன், எனக்குப் பல வருஷப் பழக்கம், அதனால பேர் சொல்லலை. அதுல ஒரு வரி: "அடிக்கடி மாத்திரை சாப்பிட்டா உடம்பு அதுக்குப் பழகிடும், அப்புறம் மருந்து ஏறாது." கீழே முப்பது பேர் "அருமை அண்ணே", "சரியா சொன்னீங்க"ன்னு கும்மி அடிச்சிருந்தாங்க.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. ஏன்னு சொல்றேன்.

எங்க அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. குத்தம்பாக்கத்துலயே பொறந்து, அங்கயே விவசாயம் பார்த்தவர். (எங்க ஊர்ப் பேரை உங்கள்ல பல பேர் பஸ் ஸ்டாண்டு கட்டுறதாலதான் கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கு முன்னாடியும் ஊர் இருந்துச்சுங்க.) மாத்திரைன்னாலே அவருக்கு ஆகாது. ஜுரம் வந்தா மிளகு ரசம், மிஞ்சிப் போனா ஒரு பாராசிட்டமால். அவருக்கு மூத்திரத்துல கிருமி தொத்தி, குளிர் ஜுரம் வந்து, பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். மூணாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்துச்சு. இ.கோலை. அதுக்குக் கீழே வரிசையா மருந்துப் பேரு, பக்கத்துல ஆர், ஆர், ஆர். செஃப்ட்ரியாக்சோன் ஆர். சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். கோ-டிரைமாக்சசோல் ஆர். ஆர்னா அந்த மருந்து இந்தக் கிருமிகிட்ட செல்லாதுன்னு அர்த்தம். கடைசியில மெரோபெனெம், அமிகாசின் ரெண்டுக்கு மட்டும் எஸ். கிட்னி ஏற்கெனவே கொஞ்சம் பழுதுங்கறதால அமிகாசின் வேணாம்னுட்டார் டாக்டர். ஏழு நாள், தினம் மூணு வேளை மெரோபெனெம் ஊசி. பில்லு என் ஒரு மாச சம்பளத்தைத் தாண்டிருச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அந்த மனுஷன் ஆயுசுல ஒரு தடவைகூட செஃப்ட்ரியாக்சோன் போட்டதில்லை. அவர் "உடம்பு" அதுக்கு எப்படிப் பழகும்? பழகினது உடம்பு இல்லை. வெளியில எங்கயோ பழகி, முழு ஆயுதத்தோட வந்த கிருமி அவர் உடம்புக்குள்ள குடியேறிச்சு. அந்த ஆயுதத்துக்குப் பேர்தான் பிளாஸ்மிட்.

கொஞ்சம் பொறுத்துக்குங்க, பாடம் எடுக்கப் போறேன். நான் தொண்ணூறுகள்ல பி.எஸ்சி. நுண்ணுயிரியல் படிச்சவன். இப்ப அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில தரக்கட்டுப்பாடு பார்க்குறேன், படிச்சதுக்கும் பொழப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா காலேஜ் லேப்ல புற ஊதா வெளிச்சத்துல ஜெல்லை வச்சப்போ ஆரஞ்சுக் கலர்ல மினுக்கின அந்தச் சின்னப் பட்டை இன்னும் கண்ணுலயே நிக்குது.

பாக்டீரியாவுக்குன்னு ஒரு பெரிய டிஎன்ஏ வளையம் உண்டு, அது குரோமோசோம். இ.கோலைக்கு அது சுமார் 46 லட்சம் எழுத்து. இது இல்லாம, தனியா ஓடுற குட்டி வளையங்களும் சில பாக்டீரியாவுல இருக்கும். அதுக்கு 1952ல ஜோஷுவா லெடர்பெர்க் வச்ச பேர்தான் பிளாஸ்மிட். பெரிசு லட்சம் எழுத்தைத் தாண்டும். சின்னது ரெண்டாயிரம், மூணாயிரம் எழுத்துலகூட இருக்கும். ஒரு பக்கம் 46 லட்சம், இன்னொரு பக்கம் மூவாயிரம். பெரிய பங்களாவோட காம்பவுண்டுல பெட்டிக்கடை போட்ட மாதிரி.

அந்தப் பெட்டிக்கடைக்குள்ள என்ன இருக்கும்? தன்னைத்தானே நகல் எடுக்க ஒரு தொடக்கப் புள்ளி, எத்தனை நகல்னு கணக்குப் பார்க்குற ஒரு ஏற்பாடு. இந்த ரெண்டும் கட்டாயம். மிச்ச இடத்துல ஒண்ணு ரெண்டு சரக்கு. அந்தச் சரக்குதான் சில சமயம் மருந்தை வெட்டிப் போடுற நொதிக்கான மரபணு.

இந்த நகல் எடுக்குற விஷயம் இருக்கே, அதை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்லிடுறேன். கோல்-ஈ1ங்கற இ.கோலை பிளாஸ்மிட் குடும்பம்தான் இதுல பாடப்புத்தக உதாரணம். தொடக்கப் புள்ளிக்குக் கொஞ்சம் முன்னாடி இருந்து ஒரு ஆர்என்ஏ இழை உருவாகும், அதுக்கு ஆர்என்ஏ-2ன்னு பேர். அது டிஎன்ஏவோட ஒட்டிக்கிட்டு, ஒரு நொதி அதைச் சரியான இடத்துல வெட்டினா, அந்த வெட்டு முனையில இருந்து நகல் ஆரம்பிக்கும். ஆனா அதே இடத்துல எதிர் இழையில இருந்து இன்னொரு குட்டி ஆர்என்ஏ உருவாகுது, ஆர்என்ஏ-1, 108 எழுத்து. அது போய் ஆர்என்ஏ-2வைக் கட்டிப் பிடிச்சுக்கும். பிடிபட்ட ஆர்என்ஏ-2 டிஎன்ஏவோட ஒட்டாது, நகலும் நடக்காது. பிளாஸ்மிட் எண்ணிக்கை கூடக் கூட ஆர்என்ஏ-1ம் கூடும், நகல் குறையும். எண்ணிக்கை குறைஞ்சா பிடிக்க ஆள் இல்லை, நகல் கூடும். அவ்வளவுதான் சூட்சுமம். மூளை இல்லை, மேனேஜர் இல்லை, அதுபாட்டுக்கு செல்லுக்கு பதினஞ்சு இருபதுன்னு நிக்கும். எழுபதுகளோட கடைசியிலயும் எண்பதுகளோட தொடக்கத்துலயும் டோமிசாவாங்கற ஜப்பான்காரர் ஆளுங்க இதைப் பிரிச்சு மேஞ்சாங்க.

ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியில இருக்குற குட்டி பிளாஸ்மிட்டுக்கு வேற வித்தை. பிடி181னு ஒண்ணு, நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து, டெட்ராசைக்ளினுக்கு எதிர்ப்பு. அதுல ரெப்ங்கற புரதம் வளையத்தோட ஒரு இழையை மட்டும் வெட்டி, வெட்டின முனையைத் தன் கையில பிடிச்சுக்கும். இன்னொரு முனையில புது இழை வளர வளர, பழைய இழை நூல்கண்டுல இருந்து நூல் பிரியுற மாதிரி கழண்டு வரும். ஒரு சுத்து முடிஞ்சதும் ஒட்டிடும். அந்த ரெப் புரதம் அத்தோட செயலிழந்துடும். கிழிச்ச டிக்கெட் மாதிரி, ரெண்டாவது தடவை செல்லாது.

இதெல்லாம் எதுக்குய்யா எனக்குன்னு கேட்குறீங்களா? "மருந்தை நிறுத்தினா எதிர்ப்பும் தானா போயிடும்"னு ஒரு கூட்டம் சொல்லுதே, அதுக்கு பதில் இங்கதான் இருக்கு. ஒரு செல்லுல இருபது பிளாஸ்மிட் இருக்குன்னு வைங்க. செல் ரெண்டாப் பிரியும்போது ஒவ்வொண்ணும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு காசு சுண்டுற மாதிரி போகுதுன்னாலும், இருபதும் ஒரே பக்கம் போய் இன்னொரு பிள்ளை வெறுங்கையா நிக்குறதுக்கான வாய்ப்பு அஞ்சு லட்சத்துச் சொச்சத்துல ஒண்ணு. (ரெண்டை ரெண்டால பத்தொன்பது இடத்துல பெருக்கிப் பாருங்க, 5,24,288.) வளையங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா இந்தக் கணக்கு கெட்டுப் போகும்னு, அதைப் பிரிச்சு விடவும் கோல்-ஈ1ல தனி இடமே இருக்கு. சின்னதா இருக்குறதால சுமக்குற செலவும் குறைவு. அப்ப நீங்க மருந்தை நிறுத்திட்டீங்கன்னு அது ஏன் சட்டுனு பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பணும்?

இன்னொண்ணு. ஒரு மரபணு குரோமோசோம்ல இருந்தா அனேகமா ஒரே பிரதி. இருபது நகல் பிளாஸ்மிட்ல இருந்தா இருபது பிரதி. நொதி அதிகம் சுரக்கும், அதுல ஒரு பிரதி தற்செயலா மாறிப் புது மருந்தையும் வெட்டக் கத்துக்கிட்டா, மிச்சப் பத்தொன்பது பழைய வேலையைப் பார்த்துக்கும். பல நகல் பிளாஸ்மிட்ல இருந்தா எதிர்ப்பு சீக்கிரம் பரிணமிக்குதுன்னு 2016லயே ஆய்வு வந்தாச்சு.

"சின்ன பிளாஸ்மிட் தானா அடுத்த செல்லுக்குத் தாவாதே"ன்னு படிச்ச அனானி யாராவது வருவீங்க, தெரியும். உண்மைதான். தாவுறதுக்குக் குழாய் கட்டணும், அதுக்கு முப்பதுக்குப் பக்கமா மரபணு வேணும், பெட்டிக்கடையில அதுக்கெல்லாம் இடம் கிடையாது. ஆனா அதே செல்லுல ஒரு பெரிய பிளாஸ்மிட் இருந்து அது குழாய் கட்டினா, சின்னது அதுல தொத்திக்கும். பூந்தமல்லி பஸ்ஸுல புட்போர்டு அடிக்குற பசங்க பஸ்ஸா வச்சிருக்காங்க? ஏறத் தெரிஞ்சா போதாதா? 8,684 எழுத்துள்ள ஆர்எஸ்எஃப்1010ங்கற பிளாஸ்மிட் இப்படித் தொத்தியே சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பை இனம் விட்டு இனம் கொண்டு போகக் கூடியது. சிப்ரோஃப்ளாக்சசின் வகைக்கு எதிர்ப்புத் தர்ற க்யூஎன்ஆர்-டிங்கற மரபணு 2009ல முதல்ல அறியப்பட்டப்போ நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து வளையத்துல இருந்துச்சு. பிறகு ரெண்டாயிரத்து எழுநூறு எழுத்து வளையத்துலயும் கண்டுபிடிச்சாங்க.

சரி, பாடம் முடிஞ்சது. சண்டைக்கு வர்றேன்.

2010 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கா? லான்செட் தொற்றுநோய் இதழ்ல என்டிஎம்-1 பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. முதல் பேரு நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து தரமணி வளாக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி, கூட கார்டிஃப் பல்கலைக்கழகத்து டிமோதி வால்ஷ் உள்ளிட்ட பெரிய குழு. மெரோபெனெம் வகை மருந்தையே வெட்டிப் போடுற நொதி. அதை 2008ல இந்தியாவுல சிகிச்சை எடுத்துட்டு ஸ்வீடன் திரும்பின ஒருத்தர்கிட்ட முதல்ல பார்த்து, நியூ டெல்லின்னு பேர் வச்சிருந்தாங்க. அவ்வளவுதான், நாடே கொந்தளிச்சது. பாராளுமன்றத்துல பேச்சு, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்குற வெளிநாட்டுச் சதின்னு பேட்டி. நம்ம ஆளுங்க விடுவாங்களா? அந்த மாசம் திரட்டியைத் திறந்தா முகப்பு முழுக்க "டெல்லி பேரை எப்படி வைக்கலாம்"னு ஆவேசம். நானும் ஒண்ணு எழுதினேன், ஒத்துக்குறேன், ஹிஹி. கடைசியில 2011 ஜனவரியில லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் பேர் வச்சதுக்கு வருத்தம் தெரிவிச்சார். நாம ஜெயிச்சுட்டோம்!

என்னத்தை ஜெயிச்சோம்? அந்தக் கட்டுரைச் சுருக்கத்துலயே ஒரு வரி இருந்துச்சு. பேரைப் பார்த்துக் கொதிச்சவங்கள்ல எத்தனை பேர் அதைப் படிச்சிருப்பாங்க? நான் படிக்கலை. சென்னையில 44 கிருமி மாதிரி, ஹரியானாவுல 26, இங்கிலாந்துல 37, இந்தியா பாகிஸ்தான்ல வேற இடங்கள்ல 73. பெரும்பாலானதுல அந்த மரபணு பிளாஸ்மிட்ல இருக்கு. ஹரியானா பிளாஸ்மிட் தானா தாவலை. சென்னையும் இங்கிலாந்தும் சுலபமாத் தாவுச்சு. படிச்சீங்களா? நம்ம சென்னை மாதிரிதான் சுலபமாக் கைமாறுற ரகம். டெல்லிக்காரன் பேருக்குக் கோவப்பட்ட சென்னைக்காரன், சென்னையைப் பத்தின வரிக்கு மூச்சு விடலை.

பேர் விஷயத்துலயும் நம்ம ரோஷம் கொஞ்சம் காமெடிதான். விஐஎம்னு ஒரு நொதி இருக்கு, அதுல வி-ங்கறது இத்தாலி வெரோனா. எஸ்பிஎம்ல சாவ் பாவ்லோ, எஸ்ஐஎம்ல சியோல். எங்க அப்பாவுக்கு வந்த மாதிரி கிருமிகள்ல நம்ம நாட்டுல அதிகம் காணப்படுற சிடிஎக்ஸ்-எம்-15, அதுல கடைசி எம் ஜெர்மனியோட மியூனிக். இந்த 15ஆம் நம்பர் முதல்ல அறியப்பட்டது எங்க தெரியுமா? 1999ல டெல்லியில எடுத்த கிருமியில. அதுக்கு யாரும் கொடி பிடிக்கலை, ஏன்னா அதுல நம்ம ஊர்ப் பேர் இல்லை. உலகம் முழுக்க அது பரவிடுச்சு. பேர் இல்லாம வந்தது எங்க அப்பாவைப் படுக்க வச்சது, பேரோட வந்ததுக்கு மட்டும் நாம மீசையை முறுக்கினோம். வியாதிக்கு ஊர்ப் பேர் வைக்குறது தப்புங்கறதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, உலக சுகாதார நிறுவனமே 2015ல அதைச் சொல்லிடுச்சு. என் கேள்வி வேற. மன்னிப்பு வாங்குறதுல காட்டுன வேகத்துல கால்வாசியை அந்தத் தண்ணியைச் சோதிக்குறதுல காட்டினோமா?

காட்டலை. 2011 ஏப்ரல்ல அதே வால்ஷ் குழு டெல்லித் தெருவுல தேங்கின தண்ணி 171 மாதிரியும் குழாய்த் தண்ணி 50 மாதிரியும் எடுத்துப் பார்த்துச்சு. தேங்கின தண்ணியில 51லயும், குழாய்த் தண்ணியில 2லயும் என்டிஎம்-1 மரபணு. அதுக்கும் நம்ம பதில் மறுப்புதான்.

ஒரு நல்லது நடந்துச்சு, சொல்லாம விடக்கூடாது. 2012 ஆகஸ்ட்ல சென்னையில டாக்டர் அப்துல் கஃபூர் முன்னெடுப்புல பல துறை மருத்துவர் சங்கங்கள் கூடி "சென்னை பிரகடனம்"னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. டாக்டர் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் விக்குறதைக் கட்டுப்படுத்தணும்ங்கறது அதுல முக்கியம். எச்1 பட்டியல் 2014 மார்ச்ல நடைமுறைக்கு வந்துச்சு. பட்டியல்ல இருக்குற மருந்தை வித்தா டாக்டர் பேர், நோயாளி பேர் எல்லாம் தனி நோட்டுல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். செஃபிக்சிம் அந்தப் பட்டியல்ல இருக்கு. நான் போற மெடிக்கல் ஷாப்புல "செஃபிக்சிம் ரெண்டு குடுங்க"ன்னா கத்தரிக்கோலால வெட்டிக் கையில குடுக்குறாங்க. என் பேரு என்னன்னு இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்லை.

அடுத்த சண்டை, "மாத்திரையைப் பாதியில நிறுத்துறதுதான் காரணம்"னு சொல்ற நல்லவங்களோட. ஆஸ்பத்திரிச் சுவர்ல எல்லாம் இந்த போஸ்டர்தான். தப்பு முழுக்க நோயாளி மேல. 2017லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல மருத்துவர்கள் எழுதிட்டாங்க, கோர்ஸை முடிக்கலைன்னா எதிர்ப்பு வரும்ங்கறதுக்கு ஆதாரம் போதாது, தேவைக்கு மேல சாப்பிடுறதுதான் குடல்ல சும்மா இருக்குற கிருமியைக் கெடுக்குதுன்னு. பிளாஸ்மிட் கதை தெரிஞ்சவனுக்கு இது சுலபமாப் புரியும். வியாதிக் கிருமி செத்தாலும், குடல்ல வளையம் வச்சிருக்குற அப்பாவிக் கிருமிக்குப் போட்டி இல்லாம போயிடுது. அது பெருகும், அப்புறம் வளையத்தைக் கடன் குடுக்கும். (இதைப் படிச்சுட்டு டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்திடாதீங்க சாமி. டிபிக்கு இது பொருந்தவே பொருந்தாது.)

நோயாளியைத் திட்டுற போஸ்டர் அடிச்சவங்க, கம்பெனிக் குழாயைப் பார்த்து என்ன செஞ்சாங்க? ஹைதராபாத் பக்கத்துல பட்டஞ்செரு. மருந்துக் கம்பெனிகளோட கழிவுநீரைச் சுத்தம் பண்ணுற நிலையத்துல இருந்து வெளிய வந்த தண்ணியில லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் இருந்துச்சுன்னு 2007ல ஸ்வீடன்காரங்க அளந்து எழுதினாங்க. கவனிங்க, அது "சுத்தம் பண்ணின" தண்ணி. 2011ல அங்க ஆத்து வண்டலை எடுத்து டிஎன்ஏ படிச்சாங்க. எதிர்ப்பு மரபணு குமிஞ்சு கிடந்துச்சு, அதுவரைக்கும் யாரும் விவரிக்காத ரெண்டு எதிர்ப்பு பிளாஸ்மிட் ஏராளமா இருந்துச்சு. எந்த நோயாளி அந்த ஆத்துல போய்ப் பாதி மாத்திரையை நிறுத்தினான்?

2020 ஜனவரியில மத்திய அரசு ஒரு வரைவு விதி போட்டுச்சு, கழிவுநீர்ல ஆன்டிபயாடிக் இவ்வளவுதான் இருக்கலாம்னு மருந்து வாரியா அளவு குறிச்சு. சபாஷ்னு நினைச்சேன். 2021 ஆகஸ்ட்ல இறுதி விதி வந்தப்போ அந்த அளவு எதுவுமே அதுல இல்லை. கோழித் தீவனத்துல கலந்த கொலிஸ்டினை 2019 ஜூலையில தடை பண்ணினாங்க, அது நியாயமான வேலை. அதுவும் எப்போ? கொலிஸ்டின் எதிர்ப்பு பிளாஸ்மிட்ல ஏறிடுச்சுன்னு சீனாவுல இருந்து 2015ல ஆய்வு வந்து நாலு வருஷம் கழிச்சு.

2018ல நாடுகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. எந்த நாட்டுல மருந்து அதிகம் சாப்பிடுறாங்கங்கறதை விட, எங்க சுகாதார வசதியும் நிர்வாகமும் மோசம்ங்கறதோடதான் எதிர்ப்பு அதிகம் ஒத்துப் போச்சு. சாக்கடைதான் விஷயம். வளையம் கைமாறுறதுக்கு நெருக்கமா கிருமி வேணும், கொஞ்சம் மருந்து எச்சம் வேணும், ஈரம் வேணும். சாக்கடையை விட நல்ல கல்யாண மண்டபம் ஏது?

எங்க ஊருக்கு இது புதுசு இல்லை. 1996ல இருந்து 2006 வரைக்கும் இளங்கோ பஞ்சாயத்துத் தலைவரா இருந்தப்போ, கிரானைட் கம்பெனியில கழிச்சுப் போட்ட கல்லை வச்சே தெருவுக்குக் கால்வாய் கட்டினது ஊர்ல எல்லாருக்கும் தெரியும். பிறகு, பதினஞ்சு வருஷத்துக்கும் முன்னால, சென்னைக் குப்பையை எங்க மேய்க்கால் நிலத்துல கொட்டப் போறாங்கன்னு வந்தப்போ ஊரே எதிர்த்து நின்னுச்சு. அங்க விழுற மழை செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும்ங்கறதுதான் வாதம். அந்த ஏரித் தண்ணியைத்தான் சென்னை குடிக்குது. "குத்தம்பாக்கத்தான் வளர்ச்சிக்கு எதிரி"ன்னு அப்ப ஏசின சென்னை நண்பர்களே, உங்க குழாய்க்காகவும் சேர்த்துத்தான் அவங்க நின்னாங்க.

இப்ப ராத்திரி பதினோரு மணிக்கு மேல பைபாஸ் ஓரமா ஒரு கழிவுநீர் லாரி வருது. விளக்கை அணைச்சுட்டு, குழாயைக் கால்வாயில விட்டுட்டுப் பத்து நிமிஷத்துல கிளம்பிடுது. யாரோட லாரின்னு எனக்குத் தெரியாது. நம்பர் பிளேட்டுல சேறு. ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ மூணு தடவை பார்த்துட்டேன். உள்ள இருக்குறது எந்த அபார்ட்மெண்டோட, எந்த ஆஸ்பத்திரியோட தொட்டின்னு கேட்க ஆள் இல்லை. அப்பா பேச்சுவாக்குல சொன்னார், அந்தக் கால்வாய்த் தண்ணியிலதான் இந்த வருஷம் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சினாராம்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதி வச்சிருக்கேன். ரெண்டே கேள்வி. அந்த லாரி எங்க கொட்டணும்னு உத்தரவு இருக்கு? அந்தக் கால்வாய்த் தண்ணியைக் கடைசியா யாரு, எப்ப சோதிச்சாங்க? நம்ம "உடம்பு பழகிடும்" நண்பர் திருமழிசைக்காரர்தான், பைக்குல பத்து நிமிஷம். அண்ணே, நீங்களும் வாங்க. டீ என் செலவு.

டிஸ்கி: அப்பா இப்ப நல்லா இருக்கார். கீரைப் பாத்திக்குப் போர் தண்ணி விடுறோம். "இதுக்கு எதுக்குடா இவ்ளோ நீளமா எழுதுற?"ங்கறார்.